இரண்டு பள்ளிகளும் ஒரு கேடயமும்

கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழன்பர்களுக்குக் கார்ன்வால் என்னும் பெயர் புதிதன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வயலின் சுரங்கங்களை ஏற்று நடத்தத் தொடங்கினர். அவர்கள் மேற்பார்வைக்கென அழைத்து வந்த வெள்ளையரிற் பலர், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்பகுதி மக்களுக்குச் சுரங்கம் பிழைப்பு. ரக்பிப் பந்தாட்டம் உயிர். 1908ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஒலிம்பிக் விழாவில் பிரிட்டன் நாட்டின் சார்பில் ரக்பி ஆடியது கார்ன்வால் அணியே என்றால், அவர்கள் அவ்வாட்டத்தின்மேற் கொண்டிருந்த பற்று நன்கு விளங்கும்.

ஆயினும், அவர்கள் வந்து வாழ்ந்த இத் தங்கவயலில் மக்களிடையே வேரூன்றியவை கால்பந்தும் ஹாக்கியுமே; ரக்பி அன்று. கடலுக்கு அப்பால், இலங்கையின் கண்டி மலைநாட்டிலோ அதே ரக்பி வெள்ளையர் கையிலிருந்து உள்நாட்டுப் பள்ளிச் சிறுவர் கைக்கு மாறி, நூறாண்டுகளுக்கு மேலாகச் செழித்து நிற்கின்றது. அங்கே இரண்டு பள்ளிகள் ஒரு கேடயத்துக்காக ஆண்டுதோறும் மோதும் நாளில் ஊரே திரண்டு வருகிறது. இவ்வேறுபாடு எப்படி நேர்ந்தது? அவ்வரலாற்றில் நமக்குரிய செய்தி என்ன? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். ரக்பிப் பந்து உருண்டையானதன்று, முட்டை வடிவினது. அணிக்குப் பதினைவர். பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் ஏந்தியும் ஓடலாம். ஆனால் தோழனுக்குக் கையால் எறியும்போது முன்னோக்கி எறிதல் ஆகாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறிய வேண்டும். பந்தேந்தி ஓடுபவனை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். சடுகுடு ஆடியவர்களுக்கு இப்பிடி புதிதாகத் தோன்றாது. எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையிற் பதித்தால் புள்ளிகள் உண்டு. முன்னே செல்ல விரும்புகிறவன் பின்னே வரும் தோழனை நம்பியே ஆகவேண்டும் என்பதே இவ்வாட்டத்தின் அடிப்படை.

இந்தியாவுக்கு இவ்வாட்டம் முன்னதாகவே வந்துவிட்டது. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் வெள்ளையர் இரு அணியாகப் பிரிந்து ரக்பி ஆடினர். அடுத்த ஆண்டு அந்நகரில் ஒரு கழகமும் எழுந்தது. ஆனால் ஆடியவர்கள் பட்டாளத்தாரும் வணிகருமாகிய வெள்ளையர் மட்டுமே. பட்டாளம் ஊர் மாறியது, வெயில் வாட்டியது, போலோ போன்ற வேறு ஆட்டங்கள் மனத்தைக் கவர்ந்தன. சில ஆண்டுகளிலேயே கழகம் தளர்ந்தது. எஞ்சியிருந்த உறுப்பினர் வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகபாம்பு வடிவில் மூன்று கைப்பிடிகளும், மூடிமேல் ஒரு யானையும் அமைந்த கிண்ணம் ஒன்று செய்வித்து, 1878இல் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டனர். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றளவும் போட்டியிடும் கல்கத்தாக் கிண்ணம் அதுவே. கிண்ணம் கடல் கடந்தது, கழகம் கலைந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படாத ஆட்டம், ஆடியவர்கள் மூட்டை கட்டியவுடனே தானும் புறப்பட்டு விடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கையிலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. 1879இல் கொழும்பில் வெள்ளையரின் பந்தாட்டக் கழகம் தோன்றியது. மலைநாட்டில் திம்புள்ள, டிக்கோயா முதலிய இடங்களில் தோட்டத் துரைமார் தம்முள் அணி பிரித்து ஆடினர். கல்கத்தாவைப் போலவே இங்கும் அவ்வாட்டம் துரைமாரோடு வந்து துரைமாரோடு போயிருத்தல் கூடும். அவ்வாறு நேராமல் தடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

லூயி எட்மண்டு பிளேஸ் என்பது அவர் பெயர். இலங்கையில் பறங்கியர் எனப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர். கண்டித் திரித்துவக் கல்லூரியில் கல்வி பயின்றவர். அவர் 1891ஆம் ஆண்டு மே மாதத்தில் கண்டி நகரில் பதினொரு மாணவரோடு சிறிய பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் கிங்ஸ்வுட் கல்லூரி எனப் பெயர் பெற்றது அப்பள்ளியே. தொடங்கிய ஆண்டிலேயே அவர் தம் மாணவருக்கு ரக்பி கற்பித்தார். துரைமார் மன்றங்களில் அடைபட்டுக் கிடந்த ஆட்டம் உள்நாட்டுச் சிறுவர் கையில் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

ஆனால் ஒரு பள்ளி மட்டும் கற்றுப் பயன் என்ன? போட்டியிட எதிரணி வேண்டாமா? பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே முதல் ரக்பிப் போட்டி நடைபெறப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1906ஆம் ஆண்டில், கண்டிப் போகம்பறைத் திடலில், பிளேஸ் நிறுவிய கிங்ஸ்வுட் பள்ளியும் அவர் கற்ற திரித்துவக் கல்லூரியும் எதிரெதிரே நின்றன. ஆட்டம் ஆறுக்கு ஆறு எனச் சமநிலையில் முடிந்தது. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. இரு பள்ளிகளும் மறுமுறை ஆடுவதற்கு அதனினும் சிறந்த காரணம் வேறுண்டோ?

அக்காலத்தில் திரித்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தவர் அலெக் கார்டன் பிரேசர். 1904 முதல் 1924 வரை அப்பொறுப்பை வகித்த அவர், ஆங்கிலக் கல்வி தரும் பள்ளியிலும் சிங்களமும் தமிழும் உரிய இடம் பெறவேண்டும் என வற்புறுத்தியவர். பின்னாளில் ஆப்பிரிக்காவில், அன்று தங்கக் கடற்கரை எனப்பட்ட நாட்டில், அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் தலைவராகவும் பணியாற்றினார். அவர் காலத்திலேயே ரக்பி திரித்துவக் கல்லூரியின் முதன்மையான ஆட்டங்களுள் ஒன்றாயிற்று.

1920இல் கொழும்பு ராயல் கல்லூரி திரித்துவக் கல்லூரியை எதிர்த்து ஆடத் தொடங்கியது. ராயல் 1835இல் தோன்றிய அரசினர் பள்ளி. கொழும்பு அகாடமி என்னும் பழம் பெயரோடு விளங்கிய நாளில் சர் பொன்னம்பலம் இராமநாதன், சர் பொன்னம்பலம் அருணாசலம் ஆகிய தமிழ்ப் பெருமக்கள் கல்வி கற்ற இடம். திரித்துவமோ 1872இல் கிறிஸ்தவ மிஷன் நிறுவிய தனியார் பள்ளி. ஒன்று தலைநகரத்தின் பெருமை. மற்றொன்று மலைநாட்டின் பெருமை. ஒன்றின் நிறம் நீலமும் பொன்னும். மற்றொன்றின் நிறம் சிவப்பும் பொன்னும் நீலமும். இருவரும் பொன்னிறத்தைக் கொடியில் உடையவர்கள் என்பது தங்கவயலார்க்குச் சுவையாக இருக்கலாம்!

இவ்விரு பள்ளிகளின் போட்டிக்கு நிலைபேறு தந்தவர் இ. எல். பிராட்பி. ராயல் கல்லூரியின் தலைவராக 1939இல் வந்த அவருக்கு நேர்ந்தது போர்க்காலம். கல்லூரிக் கட்டடங்களைப் படையினர் எடுத்துக்கொள்ளவே, வேறிடங்களில் வகுப்புகளை நடத்திப் பள்ளியைக் காப்பாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. 1945இல் பதவி நீங்கும் வேளையில் அவர் ஒரு கேடயத்தை வழங்கிச் சென்றார். தம் பள்ளிக்கு மட்டும் உரிய பரிசாக அதனை வைக்காமல், தம் பள்ளியும் எதிர்ப் பள்ளியும் ஆண்டுதோறும் போட்டியிட்டுப் பெறவேண்டிய பொருளாக வைத்த அவரது நோக்கம் போற்றத்தக்கது.

பிராட்பிக் கேடயத்தின் சிறப்பு அதன் விதியில் அமைந்துள்ளது. ஒரே ஆட்டத்தில் வெற்றி முடிவாவதில்லை. ஆண்டுக்கு இரண்டு ஆட்டங்கள்: ஒன்று கொழும்பில், மற்றொன்று கண்டியில். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, எவர் தொகை மிகுதியோ அவரே கேடயத்துக்கு உரியவர். சொந்தத் திடலில் ஐந்து புள்ளியால் வென்ற அணி, எதிரியின் திடலில் ஆறு புள்ளியால் தோற்குமாயின் கேடயம் கைவிட்டுப் போகும். ஆகவே முதல் ஆட்டத்தில் வென்றவன் இறுமாந்திருக்க முடியாது. தோற்றவன் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

ஆட்டப் பருவம் வந்துவிட்டால் அப்பள்ளிகளில் பேச்செல்லாம் அதுவே. மாலைதோறும் பயிற்சி; அணியில் இடம்பெறும் பதினைவர் யாவர் என்ற ஆவல்; பழைய மாணவரின் அறிவுரை. 1867இல் திறக்கப்பட்ட கொழும்பு–கண்டி இருப்புப்பாதை இரு பள்ளிகளையும் இணைத்து நிற்கிறது. தாழ்நிலத்தின் வயல்களையும் தென்னஞ்சோலைகளையும் கடந்து, கடுகண்ணாவைக் கணவாயின் குகைவழிகளில் நுழைந்து ஏறும் புகைவண்டியில் எத்தனையோ மாணவ தலைமுறைகள் இப்போட்டிக்கெனப் பயணம் செய்துள்ளன. கண்டியில் போகம்பறைத் திடலிலும், பிற்காலத்தில் பல்லேகலையிலும் ஆட்டம் நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் வீழ்த்திச் சேற்றிற் புரண்ட சிறுவர்களே, சில நாள் கழித்து ஒருவர் ஊருக்கு மற்றவர் விருந்தினராகச் செல்கின்றனர். பகைமையை விருந்தோடு பிணைத்துவைத்த இவ்வேற்பாடே இப்போட்டியை இத்தனை ஆண்டுகள் வாழவைத்தது என்று கருதலாம்.

இதுவரை கூறியது வரலாற்றின் ஒளிமிக்க பக்கம். மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். அத்தோட்டத் துரைமார் ஆடிய திடல்களைச் சுற்றியிருந்த மலைச்சரிவுகளில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டவர் யாவர்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் மக்களே. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் தங்கவயலுக்கு வந்து தட்டி வீடுகளில் வாழத் தொடங்கிய அதே காலத்தில், அவர்கள் அங்கே வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். தங்கவயலில் நாம் ‘லைன்’ என்கிறோம். அவர்கள் ‘லயம்’ என்கிறார்கள். ஆங்கிலச் சொல் ஒன்றே. அது குறிக்கும் வாழ்வும் ஏறத்தாழ ஒன்றே.

லயத்துப் பிள்ளைக்குத் தோட்டப் பள்ளியில் கிடைத்தது தொடக்கக் கல்வி மட்டுமே. கட்டணம் பெற்று ஆங்கிலத்தில் கற்பித்த நகரப் பள்ளிகளுக்குச் செல்ல அவனுக்கு வழி இல்லை. கண்டித் திடலின் ஆரவாரம் அவனுக்குத் தொலைவில் கேட்கும் ஓசையாகவே இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியவரிற் சிலர் நம் கர்நாடக மாநிலத்துச் சுள்ளியாப் பகுதியின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கையிலேயே தங்கி நாடற்றிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. பிளேஸ் திறந்துவைத்த கதவு பெரிய கதவுதான். ஆயினும் லயத்து வாசல்வரை அது திறக்கவில்லை. ஓர் ஆட்டம் யாரிடம் சேர்கிறது என்பதைப் பந்து முடிவு செய்வதில்லை. பள்ளிக்கூடமே முடிவு செய்கிறது.

இனித் தங்கவயலுக்குத் திரும்புவோம். இங்கும் வெள்ளையர்க்கு மன்றமும் கோல்ப் திடலும் இருந்தன. தொழிலாளிக்கு லைன் இருந்தது. இருப்பினும் நம் இளைஞர் சயனைடு மேடுகளின் நிழலில், கிடைத்த வெட்டவெளியில், கால்பந்தையும் ஹாக்கியையும் தமதாக்கிக்கொண்டனர். கண்டியில் ஒரு தலைமையாசிரியர் கையில் வைத்துக் கொடுத்ததை, இங்கே உழைப்பாளர் மக்கள் தாமே எடுத்துக்கொண்டனர் என்று சொல்லலாம். அது சிறிய பெருமையன்று.

1956இல் சுரங்கங்கள் அரசின் உடைமையாயின. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தோடு அவற்றில் வேலை நின்றது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் வண்டியில் பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்பும் பெற்றோர் இன்று பலர். பிள்ளைகளின் மாலைப்பொழுது யார் பொறுப்பில் இருக்கிறது? கம்பெனி போயிற்று, ஊர் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன. ராபர்ட்சன்பேட்டைப் பள்ளி ஒன்றும் சாம்பியன் ரீப் பள்ளி ஒன்றும் ஆண்டுக்கு இருமுறை, ஒருமுறை இங்கும் ஒருமுறை அங்கும், ஒரு கேடயத்துக்காகக் கால்பந்து ஆடுவதாக உறுதி கொண்டால், அதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. வேண்டுவன இரண்டு திடல்கள், சொன்ன சொல் தவறாத இரண்டு ஆசிரியர்கள், ஒரு மரக் கேடயம் ஆகியவையே.

கல்கத்தாவில் வெள்ளிக் கிண்ணம் செய்தவர்கள் அதை ஊரைவிட்டு அனுப்பினார்கள். அவ்வூரில் அவர்கள் ஆட்டம் நிலைக்கவில்லை. கொழும்பில் கேடயம் செய்தவர் அதை இரண்டு பள்ளிகளுக்கு நடுவே வைத்துச் சென்றார். ஆட்டம் இன்றும் நிலைத்திருக்கிறது. பூமிக்கடியில் 3,000 மீட்டருக்கும் மேல் இறங்கிப் பொன் எடுத்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு, பூமிக்கு மேலே ஒரு நல்ல ஆடுகளமும், எதிர்நின்று ஆட ஒரு நல்ல தோழனும் கிடைக்கச் செய்வது நம்மால் ஆகாத காரியமன்று.