கலவாமையில் பிறந்த உறுதி

எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது யாவரும் அறிந்தது. நாம் நாள்தோறும் கையாளும் பிளாஸ்டிக்கு வகைகளும் தம்முள் பெரும்பாலும் கலவா என்பதும், அவ்வாறு கலவாத இரண்டைக் கொண்டே உறுதியான பொருள் ஒன்றை ஆக்கினர் என்பதும் அத்துணைப் பரவிய செய்திகள் அல்ல.

1896-ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் பெய்ஜரிங்க் என்பார் ஜெலட்டினையும் அகாரையும் நீரில் கரைத்துச் சேர்த்துப் பார்த்தார். தனித்தனியே நீரில் கரையும் அவ்விரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒன்று மற்றொன்றினுள் துளிகளாகப் பிரிந்து நின்றது. இவ்வாறு பிரிந்து நிற்கும் பகுதியைக் ‘கட்டம்’ என விஞ்ஞான நூல்கள் வழங்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல்லில் முழு நிறைவில்லை. எனினும் வழக்கு அதுவே. அந்நாளில் இதற்குக் காரணம் கூறுவார் இல்லை. இத்தகைய பொருள்களின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளே என்று 1920-இல் ஸ்டாடிங்கர் எடுத்துரைத்தபோதும் அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர்.

காரணத்தை 1941, 1942-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஃபிளோரியும் ஹக்கின்ஸும் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினர். மல்லிகையையும் கனகாம்பரத்தையும் உதிரிப் பூக்களாக ஒரு கூடையிலிட்டுக் குலுக்கினால் அவை எளிதில் கலந்துவிடும். எண்ணற்ற விதங்களில் இடம் மாறி அமையலாம். நீண்ட சரங்களாகத் தொடுத்துவிட்டாலோ ஒவ்வொரு பூவும் அண்டைப் பூவுடன் கட்டுண்டது. அமையும் விதங்கள் மிகக் குறைந்துவிடும். கலப்பைத் தூண்டும் ஆற்றல் இவ்வாறு நலிந்தபின், இரு சங்கிலிகளுக்கிடையே சிறிதளவு பிணக்கு இருந்தாலும் பிரிவு நேரும்.

இக்கணக்குத் தோன்றுவதற்கு முன்பே தொழிற்சாலைகளில் முயற்சி தொடங்கிவிட்டது. பாலிஸ்டைரின் கண்ணாடிபோல் தெளிவானது, கண்ணாடிபோலவே நொறுங்குவது. ரப்பரைச் சேர்த்து அதன் நொறுங்கும் இயல்பைப் போக்கலாம் என்று கருதினார், ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆஸ்ட்ரோமிஸ்லென்ஸ்கி. திரவமான ஸ்டைரினில் ரப்பரைக் கரைத்து, அதனைப் பாலிஸ்டைரினாக இறுகச் செய்யும் அவரது முறைக்கு 1927-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அசையாமல் இறுகிய கலவையில் ரப்பர் தொடர்ந்த வலைபோல் படர்ந்துவிட்டது. அப்பொருள் உருக்கி வார்க்க இணங்கவில்லை. 1939-இல் அவர் காலமானார்.

டௌ நிறுவனத்தைச் சேர்ந்த ஏமோஸும் அவருடைய தோழர்களும் 1954-இல் பெற்ற காப்புரிமையின் உயிர்நிலை, இறுகும்போது கலவையைக் கலக்கிக்கொண்டே இருப்பதுதான். மூலப்பொருள்கள் மாறவில்லை. ஆனால் இடையில் நிகழ்வது விந்தையானது. முதலில் ரப்பர்க் கரைசலினுள் பாலிஸ்டைரின் துளிகளாய் மிதக்கும். பாலிஸ்டைரின் பெருகப் பெருக, ஒரு நிலையில் எல்லாம் தலைகீழாகும். ரப்பர் துளிகளாகிப் பாலிஸ்டைரின் சூழ்ந்து நிற்கும். நேயர்கள் இதனை மத்தின் அடியில் கண்டிருப்பார்கள்: பாலேட்டில் நீரினுள் கொழுப்புத் துளிகள், கடைந்தெடுத்த வெண்ணெயிலோ கொழுப்பினுள் நீர்த்துளிகள். கடையாமல் வெண்ணெய் திரளாது. அம்மத்துத்தான் 1927-ஆம் ஆண்டு முறையில் இல்லாதது.

துளி எவ்வளவு சிறியதாகும்? இதற்கான விடை வேறொரு துறையில் முன்னரே ஆயத்தமாயிருந்தது. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர், நான்கு உருளைகள் சுழலும் சிறு கருவியில் சர்க்கரைப் பாகினுள் எண்ணெய்த் துளியை விட்டு ஆராய்ந்தார். பாகின் ஓட்டம் துளியை இழுத்து நீட்டும். பரப்பு இழுவிசை அதனை உருண்டையாக்க முயலும். ஓட்டம் வென்றால் துளி உடையும். துளி சூழ்ந்த திரவத்தைவிட மிகக் கெட்டியாக இருந்தால், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும் ஓட்டம் எத்துணை விரைந்தாலும் அதனை உடைக்காது. நீட்டி இழுக்கும் ஓட்டமே வேண்டும். உடைந்த துளிகள் மீண்டும் கூடாமலும் காக்க வேண்டும். ரப்பர்ச் சங்கிலியிலேயே கிளையாக முளைக்கும் பாலிஸ்டைரின் சங்கிலிகள் எல்லையில் நின்று, சோப்பைப் போல் இரு பக்கத்தையும் பற்றிக்கொள்கின்றன என்று 1965-இல் மோலா விளக்கினார்.

அதே ஆண்டில் ஜப்பானிய அறிஞர் காட்டோ, ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஊட்டினால் எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் ரப்பர் மட்டும் கறுத்துத் தெரியும் என்று காட்டினார். அதுவரை ஊகமாயிருந்தது கண்ணுக்குப் புலனாயிற்று. ஒவ்வொரு ரப்பர்த் துளியினுள்ளும் பாலிஸ்டைரின் மணிகள் சிறைப்பட்டிருந்தன. ஆதலால்தான் நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு ரப்பரே அதனினும் பெரிய இடத்தை நிரப்புகின்றது. அடி விழும்போது, ஒரே பெரும் பிளவுக்கு மாறாக, துளிகளைச் சுற்றி எண்ணிறந்த நுண்கீறல்கள் தோன்றி அதன் வேகத்தை உட்கொள்கின்றன. குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் பல பெட்டிகளில் உட்புறமாகக் காணும் வெண்ணிறத் தகடு இவ்வகைப் பொருளே.