‘முதலாமவர்’ என்ற சொல் மறைப்பது: வில்லி ஓ'ரீயின் நெடும்பயணம்

1958 ஜனவரி 18 அன்று மாண்ட்ரியால் ஃபோரம் அரங்கில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காகக் களமிறங்கிய வில்லி ஓ'ரீ, வட அமெரிக்காவின் தலைமையான ஐஸ் ஹாக்கித் தொடராகிய தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர். நூல்களும் நினைவு விழாக்களும் அந்த ஒரு நாளையே மீண்டும் மீண்டும் கொண்டாடுகின்றன. அவருடைய ஆட்டவாழ்வோ 1956இல் கியூபெக் ஏசஸ் அணியில் தொடங்கி, இடைவெளிகளுடன் 1979 வரை நீண்டது. அதில் தேசிய லீக்கில் அவர் ஆடியவை 45 ஆட்டங்கள் மட்டுமே: 1957–58 பருவத்தில் 2, 1960–61இல் 43. எஞ்சிய காலமெல்லாம் இரண்டாம் நிலை லீக்குகளின் ஊர்களில் கழிந்தது. அவ்வூர்களின் பட்டியலை ஒரு வரலாற்று ஆவணமாக வாசித்தால், ‘முதலாமவர்’ என்ற பட்டம் மறைத்துவிடும் செய்திகள் வெளிப்படும்.

முதலாவது, அவர் வெற்றிடத்திலிருந்து தோன்றியவர் அல்லர். 1935இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்து ஃபிரெடெரிக்டனில், பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் ஓ'ரீ. அவர் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1895இல், அண்டை மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸில் பாப்டிஸ்ட் திருச்சபையினர் கறுப்பின வீரர்களுக்கெனத் தனி ஹாக்கி லீக் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். 1940களில் கியூபெக் மாகாண லீக்குகளில் ஹெர்ப் கார்னகி புகழ்பெற்று விளங்கினார். 1948இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தபோதும், தன் கிளை அணிகளில் ஆடவே ஒப்பந்தம் நீட்டியது. கியூபெக்கில் கிடைத்ததைவிட ஊதியம் குறைவு என்பதால் அவர் மறுத்துவிட்டார். ஆகவே 1958இல் நிகழ்ந்ததைத் திறமையின் திடீர்த் தோற்றமாகக் கொள்வதற்கில்லை. பல காலம் சாத்தப்பட்டிருந்த கதவு ஒருவருக்காகச் சிறிது நேரம் திறந்தது என்பதே பொருந்தும்.

இரண்டாவது, கதவு மீண்டும் மூடிக்கொண்டது. ஓ'ரீயை ‘ஹாக்கியின் ஜாக்கி ராபின்சன்’ என்று அழைப்பது வழக்கம். இவ்வொப்புமை பாதி உண்மையே. ராபின்சன் 1947 ஏப்ரலில் பேஸ்பால் தலைமை லீக்கில் ஆடத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் லாரி டோபி வந்துவிட்டார். 1959க்குள் எல்லாத் தலைமை அணிகளிலும் கறுப்பின வீரர்கள் இடம்பெற்றனர். அவ்வரிசையில் கடைசியாக இணைந்தது பாஸ்டன் நகரத்தின் ரெட் சாக்ஸ் அணி என்பது குறிப்பிடத்தக்கது: அந்நகரின் ஹாக்கி அணி அதனை முந்திக்கொண்டது. ஆனால் தேசிய ஹாக்கி லீக்கில் இரண்டாம் கறுப்பின வீரராக மைக் மார்சன் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அணியில் ஆடியது 1974இல்தான். ‘முதல்’ என்னும் சொல் இயல்பாகவே ஓர் இரண்டாவதை எதிர்பார்க்க வைக்கிறது. இங்கோ அந்த இரண்டாவது வர 16 ஆண்டுகள் ஆயின.

இதற்கு லீக்கின் அமைப்பும் காரணம். 1942 முதல் 1967 வரை அதில் இருந்தவை ஆறே அணிகள். வீரர்களுக்கான இடங்கள் நூற்றைச் சற்றே தாண்டும். ஒருவரின் ஆட்ட உரிமை அணியின் உடைமையாக இருந்தது. எங்கு ஆடுவது என்பதை வீரர் தீர்மானிக்க இயலாது. 1961 கோடையில் பாஸ்டன் ஓ'ரீயின் உரிமையை மாண்ட்ரியாலுக்கு மாற்றியது. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற அந்த அணியில் புதியவருக்கு இடம் அரிது. அவர் ஹல்–ஒட்டாவா கிளை அணிக்கும், சில மாதங்களில் மேற்கு ஹாக்கி லீக்கின் லாஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ் அணிக்கும் அனுப்பப்பட்டார். அதன்பின் தேசிய லீக்கில் அவர் ஆடவே இல்லை.

இனவெறியும் உடனிருந்தது. பார்வையாளர்களின் வசவுகளை ஊர் ஊராக அவர் கேட்டார். சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் இழிசொல் கூறி மட்டையால் தாக்கியதில் முன்பற்களை இழந்தார். இவற்றோடு இன்னொரு செய்தியையும் நேர்மையாகச் சேர்த்தெண்ண வேண்டும். 1955–56 பருவத்தில், இளையோர் ஆட்டமொன்றில், ‘பக்’ எனப்படும் ரப்பர் வட்டு தாக்கி அவரது வலக்கண் பார்வை 95 விழுக்காடு போய்விட்டது. ஒரு கண் பார்வையற்றவர் ஆடுவதை லீக்கின் துணைவிதி தடை செய்திருந்ததால் அதனை மறைத்தே ஆடினார். ஆகவே 45 ஆட்டங்களோடு அவருடைய தேசிய லீக் வாழ்வு நின்றதற்கு எது எவ்வளவு காரணம் என்பதைப் புள்ளிப்பட்டியலைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

எனினும் மேற்குக் கடற்கரை ஒரு சான்றை விட்டுச் சென்றுள்ளது. பாஸ்டனில் அவர் இடது ஓர வீரர். சக வீரர்கள் அனுப்பும் வட்டு வலப்புறமிருந்து, அதாவது பார்வையற்ற பக்கத்திலிருந்து வரும். ஒவ்வொரு முறையும் தலையை முழுதாகத் திருப்பியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் அவர் வலது ஓரத்துக்கு மாற்றப்பட்டார்; வட்டு இப்போது நல்ல கண்ணின் பக்கமிருந்து வந்தது. 1964–65இல் 38 கோல்கள் அடித்து அந்த லீக்கின் முதலிடம் பெற்றார். சான் டியேகோ கல்ஸ் அணிக்கு மாறியபின் 1968–69இல் மீண்டும் 38. தேசிய லீக்கில் அவர் அடித்தவை 4 கோல்கள். குறை ஆட்டக்காரரிடம் மட்டும் இருந்ததில்லை, அவர் நிறுத்தப்பட்ட இடத்திலும் இருந்தது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

1967இல் தேசிய லீக் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. புதிய அணிகளுள் ஒன்றான கிங்ஸ் அவர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸுக்கே வந்தது. பிளேட்ஸ் அணி கலைந்தது. 32ஆம் வயதை நெருங்கிய ஓ'ரீயோ சான் டியேகோவுக்குப் போனார். 1974இல் மேற்கு லீக்கும் கலைந்தது. கடைசியாக 1978–79இல், 43ஆம் வயதில், சான் டியேகோ ஹாக்ஸ் அணிக்காக ஒரு பருவம் ஆடி விடைபெற்றார்.

2018இல் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது, வீரர் பிரிவில் அன்று, ‘கட்டமைத்தோர்’ பிரிவில். கார்னகிக்கும் அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2022இல், அதே பிரிவுதான் வாய்த்தது. 1998 முதல் லீக்கின் சார்பில் எல்லாப் பின்னணியிலிருந்தும் சிறுவர்களை ஆட்டத்துக்குக் கொண்டுவர ஓ'ரீ ஆற்றிய பணிக்கு அது தகும். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பரவிய ஆட்டவாழ்வை மதிப்பிடும் இடம் அதுவன்று. 2022 ஜனவரி 18 அன்று பாஸ்டன் அணி அவரது 22ஆம் எண் சட்டையை அரங்கின் உச்சிக்கு ஏற்றியது. பெருந்தொற்றுக் காலமாதலால் அவர் அவ்விழாவைக் காணொளி வழியாகவே கண்டார், சிறு லீக் ஒன்று தன்னைக் கொண்டுவந்து சேர்த்த சான் டியேகோவிலிருந்து.