புறப்பட்ட துறைமுகம் எது?

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் கிழக்கு முனையில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 பேர். எல்லாரும் ஈழத்தமிழர்கள். நாட்கணக்கில் அட்லாண்டிக்கில் கிடந்தவர்களை முதலில் பார்த்தவர் கஸ் டால்டன் என்ற மீனவர். ரேடியோவில் சொல்லி உதவிக்கு ஆள் கூப்பிட்டார். கரையேறியவர்களுக்கு செயின்ட் ஜான்ஸ் நகரில் மெமோரியல் பல்கலைக்கழகம் தங்க இடம் கொடுத்தது.

எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார்கள். இந்தியாவிலிருந்து என்றார்கள்.

சில நாட்களிலேயே குட்டு உடைந்துவிட்டது. அவர்கள் வந்தது மேற்கு ஜெர்மனியிலிருந்து. பிரேமன் நகருக்குப் பக்கத்தில் உள்ள பிராகே துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் அவர்களை ஏற்றியிருக்கிறது. காசை வாங்கிக்கொண்டவர்கள், கரை வருவதற்கு முன்பே படகில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதுவரை இரக்கப்பட்ட கனடியர்கள் பலருக்கு இப்போது கோபம். ஏமாத்திட்டாங்க.

சரி, ஏன் அந்தப் பொய்?

1983 ஜூலைக்குப் பிறகு தப்பியோடிய தமிழர்களுக்குப் பனிப்போர் ஒரு விசித்திரமான கதவைத் திறந்து வைத்திருந்தது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் தடுப்பதில்லை. நகர ரயிலைப் பிடித்து மேற்கு பெர்லின் போய்விடலாம். பெர்லின் நடுவில் இருப்பதை எல்லை என்றே மேற்கு ஜெர்மனி ஒத்துக்கொள்ளாததால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் சோதனையும் கிடையாது. 1985இல் இலங்கையர்களுக்கு அந்த வழி அடைபட்டது. உள்ளே வந்துவிட்டவர்கள் அகதி விடுதிகளில் காத்திருந்தார்கள். வேலைக்குப் போகத் தடை. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் விமான டிக்கெட்டுக்கு ஊரில் வாங்கிய கடனை எதை வைத்து அடைப்பது?

ஜெர்மனி என்று உண்மையைச் சொன்னால், "அங்கேதான் பத்திரமா இருந்தீங்களே" என்ற கேள்வி வரும். அதனால் இந்தியா. எதிலிருந்து தப்பினார்கள் என்பதில் அவர்கள் பொய் சொல்லவில்லை. துறைமுகத்தின் பெயரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பிரதமர் பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டு அனுமதி கிடைத்தது. பெரும்பாலோர் மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் போய் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

இதே கனடா 1979-80இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து 60,000 பேரை ஏற்றது. தேவாலயங்களும் அக்கம்பக்கத்தாரும் காசு போட்டு குடும்பம் குடும்பமாக வரவழைத்தார்கள். அதற்காக ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சென் பதக்கம் கனடிய மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. எந்த வருடம் தெரியுமா? அதே 1986. ஆனால் வியட்நாமியர்களை மலேசியா, ஹாங்காங் முகாம்களில் கனடா அதிகாரிகள் போய்த் தேர்ந்தெடுத்தார்கள், விமானத்தில் வந்தார்கள். தமிழர்கள் கூப்பிடாமல் வந்தவர்கள். அடுத்த ஜூலையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர்கள், நோவா ஸ்கோஷியாவில் வந்து இறங்கியதும் அரசு நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டியது. 2010இல் 'சன் சீ' கப்பலில் வந்த 492 தமிழர்களைப் பல மாதங்கள் காவலில் வைத்தது. டால்டனைச் சந்தித்து நன்றி சொல்ல 1986ஆம் ஆண்டுப் பயணிகள் சிலர் 2016இல் மறுபடி நியூஃபவுண்ட்லாந்து போனார்கள், கனடியக் குடிமக்களாக.

நிஜமாகவே இந்தியாவுக்கு வந்தவர்கள்? பாக் நீரிணை குறுகலான இடத்தில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நான் இருக்கும் அண்ணனூரிலிருந்து பைக்கில் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் புழல் காவாங்கரை முகாமுக்குப் போய்விடலாம். 2021இல் தமிழக அரசு இவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நல்ல விஷயம்தான். ஆனால் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது.

1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள். 1986இல் தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி பாஸ்போர்ட் கேட்டார். கிடைக்கவில்லை. உயர்நீதிமன்றம் போய், 2022இல் சாதகமான தீர்ப்பு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டபோது அவருக்கு ஏறக்குறைய 38 வயது.