வால்மீன் சோதனையின் வரலாறு

வால்மீன் சோதனை என்பது தனித்தனி உயிரணுக்களில் டி.என்.ஏ. அடைந்த சேதத்தை நுண்ணோக்கியில் பார்த்து அளவிடும் முறையாகும். 1984-இல் சுவீடனின் ஓஸ்ட்லிங், யோஹான்சன் ஆகிய இருவரும் இதற்கு அடிகோலினர். உயிரணுக்களை அகரோசு கூழில் பதித்து, சவ்வைக் கரைத்து, மின்புலத்தில் வைப்பர். அறுந்த டி.என்.ஏ. நேர்மின்முனையை நோக்கி இழுபடும். ஒளிர்சாயம் ஏற்றினால் தலையும் வாலுமாகத் தெரியும். பெயர்க்காரணம் அதுவே. 1988-இல் அமெரிக்காவில் நரேந்திர சிங் குழுவினர் கடுங்காரக் கரைசலைப் பயன்படுத்தவே, ஓரிழை முறிவுகளும் புலப்பட்டன.

ஆக்சிசனேற்றச் சேதம் மட்டும் பெரும்பாலும் பிடிபடவில்லை. குவானின் 8-ஆக்சோகுவானினாக மாறினாலும் இழை அறுவதில்லை. அறாத இழைக்கு வால் ஏது? 1993-இல் இசுக்காட்லாந்தில் ஆண்ட்ரூ காலின்சு குழுவினர் இதற்கு வழி கண்டனர். பாக்டீரியாவின் பழுதுநீக்கு நொதியைக் கூழின் மீது இட்டால், கெட்டுப்போன இடத்தை அது தேடி வெட்டும், வால் நீளும். முதலில் பயன்பட்ட நொதி தைமின், சைட்டோசின் சேதங்களைக் காட்டியது. குவானினுக்குரிய நொதி சில ஆண்டுகளில் சேர்ந்தது.

சிக்கல் பிறகுதான் எழுந்தது. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து நிறப்பிரிகை முறையில் அளந்தவர்களுக்குக் கிடைத்த எண்கள் பன்மடங்கு அதிகமாக இருந்தன. எது சரி? 1997-இல் ஐரோப்பிய ஆய்வகங்கள் கூட்டாகச் சோதிக்கத் தொடங்கின. பிரித்தெடுக்கும்போதே குவானின் காற்றுப்பட்டு ஆக்சிசனேற்றம் அடைவது முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அளக்கும் செயலே சேதத்தைக் கூட்டிவிட்டது! கூழில் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டியதில்லை என்பதால் இப்பிழை குறைவு. ஆனால், நெருங்கி அமைந்த சேதங்களை நொதி தவறவிடவும் கூடும். ஆகவே உண்மை அளவு இரண்டுக்கும் இடையில் இருக்கலாம் எனக் கருதப்பட்டது.