ஓடும் நிரலுக்குள் 204: பெங்களூரில் எழுதப்பட்ட ஒரு கருவியின் கதை



சில வருடங்களுக்கு முன் சூரிச்சில் ஒரு வாடிக்கையாளரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு மென்பொருள் நாட்கணக்கில் ஒழுங்காக ஓடும். பிறகு ஆமை மாதிரி ஊரத் தொடங்கும். நிறுத்தி மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். ஆனால் நிறுத்தினால் காரணமும் சேர்ந்து மறைந்துவிடும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் உள்ளே பார்க்கவேண்டி இருந்தது.

லினக்ஸில் அதற்கு ஒரு வசதி உண்டு. பெயர் யூப்ரோப்ஸ். அதை வைத்து ஒவ்வொரு ஃபங்ஷனும் எடுக்கும் நேரத்தை அளந்தேன். ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. அதில் தேடும் ஃபங்ஷன் நாளுக்கு நாள் மெதுவாகியது. அவ்வளவுதான் பிரச்சினை.

அன்று இரவு ரயிலில் வீடு திரும்பும்போது, இந்த யூப்ரோப்ஸை யார் எழுதினார்கள் என்று அதன் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். மேலே இரண்டு பெயர்கள். முதலாவது ஸ்ரீகர் துரோணம்ராஜு. இரண்டாவது ஜிம் கெனிஸ்டன். இருவரும் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தவர்கள்.

எங்கள் துறையில் இங்கே 'இந்தியா' என்றால் மலிவாக வேலை முடித்துத் தரும் இடம் என்றுதான் பலர் பேசுவார்கள். என் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடமும் அப்படிப் பகிடி விட்டிருக்கிறார்கள். அதனால் அந்த முதல் பெயரில் என் கண் நின்றது. அதன் பின்னால் இருந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் சி மொழியில் எழுதும் நிரலை கம்பைலர் வெறும் எண்களாக மாற்றிவிடும். செயலி அந்த எண்களைத்தான் கட்டளைகளாகப் படிக்கும். இன்டெல் வகைச் செயலிகளில் 204 என்ற எண்ணுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு: "நில், கேர்னலைக் கூப்பிடு". நீங்கள் கவனிக்க விரும்பும் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் 204 எழுதப்படும். நிரல் அங்கே வந்ததும் கேர்னல் விழித்து, நீங்கள் கேட்டதைக் குறித்துக்கொள்ளும். பிறகு பழைய கட்டளையின் பிரதி ஒன்றை வேறோர் இடத்தில் இயக்கிவிட்டு, நிரலைத் தன் வழியே போகவிடும். 204 ஒரே ஒரு பைட். அதனால் மிகச் சிறிய கட்டளையின் மேல் எழுதினாலும் அடுத்த கட்டளை கெடாது. மாற்றம் நினைவகத்தில் மட்டும்தான்; வட்டில் உள்ள கோப்பு அப்படியே இருக்கும். இப்படி வைக்கும் புள்ளிக்குத்தான் புரோப் என்று பெயர்.

நிரலின் உள்ளே பார்க்கும் ஆசை பழையது. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினியில் வேலை செய்த ஸ்டான்லி கில், நிரல்களில் பிழை தேடும் முறைகள் பற்றி 1951இலேயே கட்டுரை எழுதினார். ஆனால் நிரலைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் அது மிகவும் மெதுவாகிவிடும். நிறுத்தாமல், பெரிதாக மெதுவாக்காமல் பார்ப்பதுதான் கடினம்.

ஐ.பி.எம். தன் ஓ.எஸ்/2 இயங்குதளத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தில் இருந்த ரிச்சர்ட் மூரும் பெங்களூரில் இருந்த ஐ.பி.எம். பொறியாளர்களும் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் டி-புரோப்ஸ். கேர்னலிலும் சாதாரண நிரல்களிலும் புரோப் வைக்கலாம். புரோப்பில் என்ன செய்யவேண்டும் என்று எழுத ஒரு குட்டி மொழிகூட இருந்தது. அதை இயக்கும் பகுதி கேர்னலுக்குள்ளேயே இருந்தது.

லினக்ஸ் அதை ஏற்கவில்லை. ஒரே தடவையில் உள்ளே எடுக்க அது மிகப் பெரியது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெட்டினார்கள். குட்டி மொழியை எடுத்துவிட்டார்கள். சாதாரண நிரல்களுக்கான பகுதியையும் எடுத்துவிட்டார்கள். கேர்னலுக்குள் புரோப் வைக்கும் அடிப்படை வேலை மட்டும் மிஞ்சியது. 2002 ஒக்ரோபரில் வம்சி கிருஷ்ணா எழுதிய அந்தச் சிறிய பகுதிதான் கேப்ரோப்ஸ். பிரசன்னா பஞ்சமுகி அதைத் திருத்தினார். சுபர்ணா பட்டாச்சார்யா ஃபங்ஷன்களுக்குள் போகும் மதிப்புகளைப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார். 2004 ஒக்ரோபரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.9 பதிப்பில் கேப்ரோப்ஸ் இடம்பிடித்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் சன் நிறுவனத்தின் பிரையன் கான்ட்ரில், மைக் ஷபிரோ, ஆடம் லெவென்தால் மூவரும் டிட்ரேஸ் என்ற கருவியை உருவாக்கினார்கள். 2005இல் சொலாரிஸ் 10 உடன் அது வெளிவந்தது. கேர்னல், சாதாரண நிரல் இரண்டையும் அதனால் பார்க்க முடிந்தது. லினக்ஸிலோ பாதிதான் இருந்தது.

மற்றப் பாதிக்கு இன்னும் பல வருடங்கள் எடுத்தது. யூப்ரோப்ஸை முதலில் யூட்ரேஸ் என்ற இன்னொரு பகுதியின் மேல் கட்டினார்கள். யூட்ரேஸையே லினக்ஸ் ஏற்கவில்லை. அத்திவாரம் போனபின் வீட்டை என்ன செய்வது? அது இல்லாமலே நிற்கும்படி மறுபடி எழுதினார்கள். கேள்விகள் வரவர, திருத்தித் திருத்தி மறுபடி அனுப்பினார்கள். ரெட் ஹாட் நிறுவனத்தின் பீட்டர் ஸைல்ஸ்ட்ராவும் கைகொடுத்தார். 2012 யூலையில், லினக்ஸ் 3.5 பதிப்பில், யூப்ரோப்ஸ் சேர்ந்தது. கோப்பின் மேலே ஐ.பி.எம்.முக்கு எழுதியிருக்கும் ஆண்டுகள் 2008–2012.

2015இல் லினக்ஸ் 4.1 பதிப்பு வந்தபோது, இ-பிபிஎஃப் என்ற வசதி மூலம் கேப்ரோப்ஸில் சிறு நிரல்களைப் பொருத்தி, கேர்னலுக்குள்ளேயே இயக்க முடிந்தது. டி-புரோப்ஸில் வெட்டி எறிந்த எண்ணம், வேறு ஆட்களின் கையால், பாதுகாப்பான வேறு வடிவத்தில் திரும்பி வந்தது.

"எங்கட ஆட்கள்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள்" என்று மார்தட்ட நான் இதை எழுதவில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று பல நாட்டவர்கள் இதில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் பெங்களூரில் இருந்தவர்கள் யாரோ சொன்னதைச் செய்துகொடுத்த கைகள் மட்டும் அல்ல. யோசித்தார்கள், வாதாடினார்கள், "வேண்டாம்" என்ற பதிலைக் கேட்டார்கள், சிறிதாக்கி மறுபடி வந்தார்கள்.

கேர்னலின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. அதில் கேப்ரோப்ஸ் கோப்பைத் திறந்து முதல் சில வரிகளைப் படியுங்கள். யார், எந்த மாதம், என்ன சேர்த்தார்கள் என்று அங்கேயே இருக்கிறது. அடுத்த முறை யாராவது அந்தப் பகிடியை விட்டால், கோபப்படவேண்டாம். அந்தக் கோப்பைக் காட்டுங்கள்.