நாடற்றவர்கள்: மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை வரலாறு

இலங்கை விடுதலை பெற்ற ஆண்டிலேயே, அந்நாட்டில் உழைத்து வாழ்ந்த பெருங்கூட்டம் ஒன்று எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாததாக ஆக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தீவின் மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இந்தியத் தமிழர், அதாவது மலையகத் தமிழர். 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிருக்கும் பின்னர் தேயிலைக்கும் கங்காணிகள் திரட்டி வந்த கூலிகளின் வழிவந்தவர்கள் அவர்கள். திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து கண்டிச் சீமைக்குப் போனவர்கள் அவர்களின் முன்னோர்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு கொண்டுவந்த சர்வசன வாக்குரிமை, சில கட்டுப்பாடுகளோடு இவர்களையும் எட்டியது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று. டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அடுத்து வந்த சட்டங்களை இந்தக் கணக்கிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியர் என்ற சொல்லைக் காட்டி யாரும் விலக்கப்படவில்லை. இலங்கையில் பிறந்ததால் மட்டும் ஒருவர் பிரஜை ஆகிவிட மாட்டார். தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றே அது விதித்தது. தாய்வழி கணக்கில் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட இந்த விதி தோட்டத்தில்தான் கடுமையாக விழுந்தது. கிராமத்துச் சிங்களவரிடமும் பாட்டனின் பிறப்புச் சான்று இருக்கவில்லை, ஆனால் அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. அட்டன் பக்கத்துத் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளி மூத்த பெண் தன் தகப்பனின் பிறப்பை எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாசலைத் திறந்ததுபோலத் தோன்றியது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். தொடர்ந்து என்ற நிபந்தனையில்தான் பலர் விழுந்தார்கள். ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் வதிவு முறிந்தது. மனைவி தனியாக இந்தியாவில் தங்கியிருந்தால் கணவனின் விண்ணப்பமே ஆட்டம் கண்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போய் வருவதும் குடும்ப வழக்கமாக இருந்த மக்களிடம், அவ்வழக்கமே அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகள் அல்லாதவர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். இதை எதிர்த்த கோடாக்கன்பிள்ளை வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போய் 1953இல் தோற்றது. யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான உரிமை என்று அம்மன்றம் கூறிவிட்டது. அதற்கு முன்பே, இதே பிரஜாவுரிமைப் பிரச்சினையில் இலங்கைத் தமிழரின் கட்சியான தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது; எஸ். ஜே. வி. செல்வநாயகம் வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3 லட்சம். எஞ்சிய ஒன்றரை லட்சம் பிற்பாடு. 1974இல் இந்திரா காந்தியுடன் செய்த உடன்பாட்டில் அதுவும் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது. பங்கிடப்பட்ட மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இந்த வரலாற்றில் மன்னிக்க முடியாத இடம் இதுவே. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையைவிட இரு மடங்குக்கும் அதிகம். அவர்களின் விருப்பம் என்ன என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

பிறகு பயணங்கள் தொடங்கின. தலைமன்னார் ரயிலில் ஏறி, கப்பலில் இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, தாயகம் திரும்பியோர் என்ற பெயருடன் அவர்கள் தமிழகத்தில் இறங்கினர். பெரும்பாலோருக்கு அது முன்பின் பார்த்திராத நாடு. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அதே லயம், அதே கொழுந்துக் கூடை. உடன்பிறந்தவர்களில் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கிளம்ப, மற்றவர் இலங்கைப் பிரஜையாகத் தோட்டத்திலேயே நின்ற குடும்பங்கள் இருந்தன. 1984இல் இலங்கை உள்நாட்டுப் போரினால் கப்பல் நின்றபோது, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த பல்லாயிரம் பேர் போகவும் முடியாமல் தோட்டங்களிலேயே தங்கிப்போனார்கள்.

நாடற்றவர் நிலையைத் தீர்க்க 1986, 1988 ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை தந்தது. போரால் இந்தியாவுக்கு ஓடிவந்த மலையகத்தாரையும் உள்ளடக்க 2009இல் அது திருத்தப்பட்டது. ஆயினும் தமிழக அகதி முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர் பலர் இன்னும் எந்த நாட்டின் பிரஜையும் அல்லர். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களை மட்டுமே குறிப்பிடுகிறது. இலங்கை அதில் இல்லை.