சஃபாரியில் முன்னால் நடந்தவர்கள்

சென்ற அமர்வில் பயண நூல்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆபிரிக்கக் காட்டுப் பயணங்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கவேண்டும் என்று சில நண்பர்கள் கேட்டார்கள். காரணம் எனக்கு விளங்கியது. கோடை விடுமுறை வருகிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இங்கே அஜக்ஸிலும் பல குடும்பங்கள் மசாய் மாராவுக்கும் செரங்கெட்டிக்கும் போகப் பதிவு செய்துவிட்டார்கள். எந்தக் காமிராவைக் கொண்டுபோவது, எந்தத் தடுப்பூசி போடுவது என்று சொல்ல நான் ஆள் இல்லை. இந்தப் பயணம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல முடியும். அது எங்கள் ஊர்க் காடுகள் வழியாகத்தான் வந்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சஃபாரி என்பது சுவாஹிலிச் சொல். பயணம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மொம்பாசாவிலிருந்து நைரோபிக்கு பஸ் ஏறினாலும் அது சஃபாரிதான். வேர் அரபு: சஃபர். நம் முஸ்லிம் ஊர்களில் பிழைப்புக்காகக் கடல் கடப்பதைச் ‘சபர்’ என்றும் அப்படிப் போனவரைச் ‘சபராளி’ என்றும் சொல்வார்களே, அதே சொல். (யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரி வேறு, அது பாரசீகத்திலிருந்து வந்தது.) பிழைக்கப் போனவனின் சொல், பொழுதுபோக்கப் போனவனின் சொல்லாக ஆங்கிலத்தில் மாறியது. அந்த மாற்றம் நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்.

அந்த நூற்றாண்டில் ஆபிரிக்கா போய் எழுதியவர்களில் சாமுவேல் பேக்கர் முக்கியமானவர். 1864 மார்ச்சில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு ஐரோப்பாவுக்கு அறிவித்தவர், நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போனவர் என்றுதான் உலகம் அவரை அறியும். இலங்கையர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பேக்கர் அருவியைப் பார்த்திருப்பீர்கள். 1840களின் பின்பகுதியில் நுவரெலியாவில் குடியேற்றம் ஒன்றை அமைத்துப் பண்ணை நடத்தியவர் அவர். 1855இல் நாட்டை விட்டுப் போகும்வரை அவருடைய உண்மையான தொழில் வேட்டை. இலங்கையில் துப்பாக்கியும் வேட்டை நாயும் கொண்டு அலைந்த கதையை 1850களில் நூலாக வெளியிட்டார். பிறகு வந்த ஆபிரிக்க வேட்டை நூல்களின் அச்சு அந்த நூலிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். விடியற்காலைக் குளிர், முகாம், தடம் காட்டும் உள்ளூர்க்காரன், எத்தனை அடி தூரத்தில் குறி பார்த்தேன் என்ற கணக்கு, கடைசியில் இறந்த மிருகத்தின் அளவு. எல்லாம் அங்கே இருக்கிறது.

அந்தக் காலத்து இலங்கையில் யானை வேட்டை எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு தகவல்கள். மேஜர் ரோஜர்ஸ் என்று பதுளையில் ஓர் அதிகாரி இருந்தார். அவர் ஒருவர் மட்டும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அது தெய்வ தண்டனை என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். மற்றத் தகவல் எங்கள் பக்கத்தது. யானையைக் கொன்றால் தலைக்குச் சில ஷில்லிங் என்று அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கு இந்தப் பணம் கொடுக்கப்பட்டது என்று எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். அவர் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். கணக்கு அவர் கைக்கு வந்த கணக்கு. அன்றைய வட மாகாணம் இன்றையதைவிடப் பெரியது, நுவரகலாவியவும் அதற்குள் அடங்கியிருந்தது. இருந்தாலும் வன்னி யானைகள் இதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளைக் கடல்நீரேரியைக் கடத்தி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து இந்திய வணிகர்களுக்கு விற்றார்கள். ஆனையிறவு என்ற பெயரே யானைகள் கடந்த இடம் என்பதால் வந்தது. அப்போது யானை ஒரு விலையுயர்ந்த சரக்கு. நூறு ஆண்டு கழித்து அது கொன்றால் காசு கிடைக்கும் பிராணியாகிவிட்டது. இலங்கை யானைகளில் தந்தம் உள்ளவை மிகச் சில என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பேக்கரும் ரோஜர்ஸும் தந்தத்துக்காகச் சுடவில்லை. விளையாட்டுக்காகச் சுட்டார்கள்.

வேட்டையைப் பற்றிப் பேச அஜக்ஸ் பொருத்தமான ஊர்தான். 1941இல் வெடிகுண்டுகளுக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஊர் இது. அது நிற்க.

பேக்கர் இலங்கையில் யானையை நெருங்கி நின்று நெற்றியில் சுடக் கற்றுக்கொண்டார். அபிசீனிய எல்லையில் ஆபிரிக்க யானையின் முன் அந்த வித்தை பலிக்கவில்லை. மண்டையோட்டின் அமைப்பு வேறு. அதே இடத்தில்தான் ஹம்ரான் அராபியர்களைக் கண்டார். அவர்கள் குதிரையேறி, வெறும் வாளோடு யானையைத் துரத்தி, பின்னங்கால் நரம்பை வெட்டி வீழ்த்துபவர்கள். ஒருவன் யானையின் முன்னால் குதிரையை விட்டு அதன் கோபத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ள, மற்றவர்கள் பின்னால் வருவார்கள். தாஹிர் ஷெரிஃப், அவருடைய சகோதரர் ரோடுர் ஷெரிஃப் என்று பெயர் சொல்லியே பேக்கர் எழுதியிருக்கிறார். ரோடுருக்கு ஒரு கை சூம்பிப் போயிருந்தது. யானையின் முன்னால் போகும் வேலை அவருடையது. தன் இனத்தவர் எவரையும்விட இவர்கள் பெரிய வேட்டைக்காரர்கள் என்பதைப் பேக்கர் மறைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஏறாவூர்ப் பக்கத்துப் பணிக்கர்கள் நினைவுக்கு வந்தார்கள். கிழக்கிலும் வடக்கிலும் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த யானை பிடிப்போர். இரண்டு பேர், ஒரு தோல் கயிறு, அவ்வளவுதான். காட்டு யானையின் பின்னால் சத்தமில்லாமல் போய்ப் பின்னங்காலில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். டெனன்ட் இவர்களை வியந்து விவரிக்கிறார், ஆனால் கூட்டமாக. வாளேந்திய அராபியருக்குக் கிடைத்த தனிப்பெயர், கயிறு ஏந்திய நம் பணிக்கருக்கு அந்தப் பக்கங்களில் கிடைக்கவில்லை.

அடுத்து, ரயில். பிரித்தானியர் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்குப் பாதை போடத் தொடங்கியது 1896இல். ஏரியை எட்டியது 1901இல். இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள், பெரும்பாலோர் பஞ்சாபியர். 2,500 பேரளவில் இறந்தார்கள். பிற்காலத்து சஃபாரி விருந்தாளிகள் எல்லோரும் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் போனார்கள். இதில் உலகத்துக்கு நினைவிருப்பது சாவோ ஆற்றுப் பாலம் கட்டியபோது 1898இல் ஆட்களைத் தின்ற இரண்டு சிங்கங்கள். பொறியாளர் பாட்டர்சன் அந்த டிசம்பரில் இரண்டையும் சுட்டார், 1907இல் நூல் எழுதினார், புகழ்பெற்றார். 1996இல் வந்த ஆங்கிலப் படத்தில் ஓம் பூரி தொழிலாளர் தலைவராக வருவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். படத்தில் சிங்கங்களுக்குப் பிடரி மயிர் உண்டு. உண்மையான சாவோ சிங்கங்களுக்கு இல்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதிலும் இழுபறி. பாட்டர்சன் நூலில் 28 இந்தியர் என்றும் கணக்கில் வராத ஆபிரிக்கர் என்றும் இருக்கிறது. பின்னர் 135 என்றார். சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு 35 பேரளவில் என்று மதிப்பிட்டது.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படும் இடம் வேறு. ஒரு நாள் தொழிலாளர்கள் திரண்டு பாட்டர்சனிடம் வந்து, நாங்கள் அரசாங்க வேலைக்கு ஒப்பந்தம் செய்து வந்தோம், சிங்கத்துக்கு இரையாக வரவில்லை என்ற பொருளில் சொல்கிறார்கள். பிறகு தண்டவாளத்தின் குறுக்கே படுத்து, வந்த சரக்கு ரயிலை நிறுத்தி, நூற்றுக்கணக்கில் ஏறிக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். மூன்று வாரம் வேலை நின்றது. பாட்டர்சன் இதைப் பயந்தவர்களின் ஓட்டமாக எழுதுகிறார். மலையகத் தோட்டங்களின் வரலாறு தெரிந்த நமக்கு இது வேறு மாதிரித் தெரியும். ஒப்பந்தத்தைக் காட்டி, ரயிலை மறித்து, ஒன்றாக வெளியேறுவதற்கு என்ன பெயர்? அதே ஆண்டில் கூலிக் கணக்குத் தகராறில் கல்வேலைக்காரர்கள் தன்னைக் கொல்லச் சதி செய்ததாகவும் அவரே எழுதுகிறார். சிங்கக் கதைக்குள் ஒரு தொழிற்தகராறின் கதை ஒளிந்து கிடக்கிறது.

சிங்கங்கள் இறந்த பின் தொழிலாளர்கள் அவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார்கள். மேஸ்திரி ஒருவர் நடந்ததையெல்லாம் இந்துஸ்தானியில் நீண்ட பாட்டாக எழுதினார். அதன் மொழிபெயர்ப்பு நூலின் பின்னிணைப்பாக இருக்கிறது. சாவோவில் வேலை செய்த ஒருவர் தன் வாயால் சொன்னது அந்த நூலில் அங்கேதான் வருகிறது. பின்னிணைப்பு என்று தள்ளிவிடாமல் அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள். சிங்கத் தோல்கள் இருபத்தைந்து ஆண்டு பாட்டர்சன் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்துவிட்டு, 5,000 டொலருக்குச் சிக்காகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டன. இப்போதும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. இங்கிருந்து காரில் ஒரு நாள் ஓட்டம்.

1909இல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அதே ரயிலில், எஞ்சினின் முன்பக்கம் போட்ட இருக்கையில் அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார். சஃபாரியை அமெரிக்கப் பணக்காரர்களின் கனவாக்கியவர் அவர். ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்காக 11,000க்கு மேற்பட்ட உயிரின மாதிரிகள் சேர்க்கப்பட்டன. அவரும் மகன் கெர்மிட்டும் சுட்டவை 512. மிருகத்துக்கு மிருகம் எண்ணிப் பட்டியல் போட்டிருக்கிறார். தோல் பதனிட நாலு டன் உப்பு. உப்பு தானாக நடந்து போகாது. 200க்கு மேற்பட்ட சுமைகாரர்கள், ஆளுக்கு 60 இறாத்தல் என்று தலையில் வைத்து நடந்தார்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் சிலருக்கு நூலில் பெயர் உண்டு. சுமைகாரர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள் என்று ரூஸ்வெல்ட் ரசித்து எழுதுகிறார். யார் பாடினார் என்பதை அவர் எழுதவில்லை.

ஐந்து ஆண்டு கழித்து முதலாம் உலகப் போர் வந்தபோது, சுமை தூக்கும் பழக்கமே அம்மக்களுக்கு வினையாயிற்று. ஜெர்மானியக் கிழக்கு ஆபிரிக்காவுக்கு எதிரான போரில் பிரித்தானியப் படை ஆபிரிக்கர்களை லட்சக்கணக்கில் சுமைகாரராகப் பிடித்துச் சென்றது. ஏறத்தாழ 95,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கி அல்ல, பசியும் வயிற்றோட்டமும். இந்தச் சுமைகாரர் படையின் ஆங்கிலப் பெயர் திரிந்துதான் நைரோபியின் கரியாகோர், தார் எஸ் சலாமின் கரியாக்கூ ஆகிய இடப்பெயர்கள் வந்தன. இப்போது இரண்டும் சந்தைக்குப் பெயர்போனவை. சஃபாரிக்குப் போகிறவர்கள் மரச்சிற்பமும் கூடையும் வாங்க அங்கே இறங்குவதுண்டு.

கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. காமிரா வந்தது, ஆனால் சொற்கள் போகவில்லை. ‘பெரிய ஐந்து’ என்று வழிகாட்டிகள் சொல்லும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகியவை பார்க்க அழகானவை என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. நடந்து போய்ச் சுடுவதற்கு மிக ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நம்மவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளிலும் ஐந்தில் எத்தனை அகப்பட்டது என்ற கணக்குத்தான் முதலில் வருகிறது. வண்டி ஓட்டி, கால்தடம் பார்த்து, காற்றின் திசை அறிந்து சிறுத்தையைக் காட்டியவர் ‘டிரைவர்’ என்ற ஒரு சொல்லோடு போய்விடுகிறார். ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையிலிருந்து 2013இல் கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்ட மூன்று ஆபிரிக்க யானைகளின் பெயர் இங்குள்ள பிள்ளைகளுக்கே தெரியும்: டோகா, திக்கா, இரிங்கா. செய்தித்தாள்கள் அப்படி எழுதின. யானைக்குப் பெயர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

காடு சும்மா பார்த்துவிட்டு வரும் இடமல்ல என்பது ஈழத்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசியப் பூங்காக்களாயின. வில்பத்து போரினால் நீண்ட காலம் மூடிக் கிடந்து, சமாதான காலத்தில் 2003இல் திறந்தது. அதே ஆண்டில் நிஹால் டி சில்வா எழுதிய ‘ஆனையிறவிலிருந்து வரும் பாதை’ என்ற பொருள்படும் தலைப்புள்ள ஆங்கில நாவல் கிரேஷியன் பரிசு பெற்றது. ஒரு சிங்கள இராணுவ அதிகாரியும் ஒரு தமிழ்ப் போராளிப் பெண்ணும் வில்பத்துக் காட்டினூடாக நடந்து போகும் கதை. பறவைகளையும் காட்டையும் அறிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும். 2006 மே மாதம் நண்பர்களோடு வில்பத்துவுக்குப் போனபோது, பூங்காவுக்குள்ளேயே கண்ணிவெடியில் அவர் இறந்தார். பூங்கா மறுபடி மூடப்பட்டு, 2010இல்தான் திறந்தது. தமிழ் வாசகர்கள் அந்த நாவலைத் தேடிப் படிக்கவேண்டும். அதில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு, அது வேறு அமர்வுக்கு.

கேள்வி நேரத்தில் இலண்டனிலிருந்து ஓர் அம்மா, தமிழில் ஆபிரிக்கக் காட்டைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். ஆபிரிக்காவில் பல நாடுகளில் பணிபுரிந்த அ. முத்துலிங்கத்தின் கதைகளைச் சொன்னேன். அங்கே ஆபிரிக்கர்கள் பெயரோடும் குணத்தோடும் வருகிறார்கள். இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் ஆசிரியர்களாகப் போன யாழ்ப்பாணத்தவர்கள். சபராளிகள். பாடசாலை விடுமுறையில் பழைய காரில் காடு பார்க்கப் போனவர்கள் அவர்களில் பலர். அன்று அப்படி ஒருவர் கூட்டத்தில் இருந்தார். சாம்பியாவில் ஒன்பது ஆண்டு கணிதம் படிப்பித்தவர், இப்போது பிக்கரிங்கில் மகளோடு இருக்கிறார். லுவாங்வா ஆற்றங்கரையில் தன் மாணவன் ஒருவனின் தகப்பனார் வழிகாட்டியாக வந்ததாகச் சொன்னார். அவருடைய பெயர் என்ன மாஸ்டர் என்று கேட்டேன். ஒலிவாங்கியை அணைக்காமலே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பெயரைச் சொல்லி, எழுத்துக் கூட்டியும் சொன்னார். அடுத்த அமர்வில் அந்தப் பயணத்தைப் பற்றி அவரே பேசுகிறார்.